தகரம் இல்லாத சாமான்

பதினொன்று. பேகம்பூர் தகரக்காரர் அப்துல் சுக்கூர் பதினொரு தொழில்காரர்களுக்குச் சாமான் யோசித்துக் கொடுத்தவர். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் கை விடாமல் தோலைத் தூக்குகிற கொக்கி அவருடையது. சின்னாளப்பட்டிச் சாயக்காரர்கள் கை வேகாமல் நூலைப் புரட்டியது அவர் அடித்த கரண்டியால். "இப்படி ஒண்ணு செஞ்சு குடுங்க பாய்" என்று படம் போட்டுக் காட்டினால் பார்க்கவே மாட்டார்.

"படம் கெடக்கட்டும். எந்த எடத்துல கஷ்டம்? அதச் சொல்லு."

1957 சித்திரையில் நிலக்கோட்டைப் பக்கமிருந்து சோலையம்மாள் வந்தாள். மல்லிகைத் தோட்டம் போட்டிருந்தவள். ரயிலில் திருச்சிக்குப் போகிற அவள் கூடையில் பாதிப் பூ பழுத்துத்தான் இறங்கியது. இன்னொரு தடவை இப்படி வந்தால் கூடையைத் தொடமாட்டேன் என்று அங்குள்ள கமிஷன் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"செடிய வெட்டிட்டுக் கூலிக்குத்தான் போகணும்ணே. மூணு வருசம் தண்ணி எறைச்சு வளத்த செடி."

சுக்கூர் ஒரு தகரப் பெட்டி செய்தார். சுற்றிலும் ஓட்டை, மேலே கைப்பிடி. பார்க்க அம்சமாக இருந்தது. திருச்சிக்கு அனுப்புமுன் வெள்ளோட்டம் விட்டார்கள். நிலக்கோட்டையில் பூவோடு பஸ் கூரையேறிய பெட்டி பேகம்பூரில் இறங்கியது. திறந்தால் மேலே வெள்ளை, நடுவெல்லாம் பழுப்பு.

சோலையம்மாள் பெட்டியின் மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். திட்டியிருந்தால்கூட சுக்கூர் தாங்கியிருப்பார்.

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி ஜெய்தூன் பீவி பூவுக்குள் கையை விட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் புகையிலைக் குடோனில் வேலை பார்த்த கை.

"ஏங்க, வெயில் மட்டுமில்ல. பூவே சுடுது. போயிலையக் குமிச்சு வச்சா நடுவுல இப்படித்தான் கொதிக்கும். ஓட்ட போட்ட மூங்கிக் குழாயச் சொருகி வைப்பாக. சூடு வெளிய போயிரும்."

"அம்புட்டுத்தான? நான் குழாய் அடிச்சுத் தாரேன்."

"தகரத்துலயா? அதுவும் சேந்து சுடும். தகரத்த விட்டா ஒலகத்துல வேற எதுவுமே இல்லையா உங்களுக்கு?"

சோலையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுங்க மதினி, அண்ணன் பாவம்."

சுக்கூரும் சிரித்தார். கடையை அடைத்துவிட்டு இருவரையும் கூட்டிக்கொண்டு கூடை முடைகிறவர் வீட்டுக்கு நடந்தார். மூங்கிலைக் கீறிய சிம்பில் இடைவெளி விட்டு ஒரு குழல் முடையச் சொன்னார். கூடை நடுவில் அதை நிறுத்திச் சுற்றிலும் பூவைக் கொட்ட வேண்டியதுதான். சுக்கூர் கடையிலிருந்து ஒரு துண்டுத் தகரம்கூடச் செலவாகவில்லை. தன் சரக்கு விற்காத யோசனையை எந்தக் கடைக்காரன் சொல்வான்? அவர் சொன்னார்.

அடுத்த கூடையோடு சோலையம்மாளே ரயிலேறினாள். ஜன்னல் வழியே ஜெய்தூன் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். கடைக்குத் திரும்பிய சுக்கூர் ஒரு புனலை இரண்டு தடவை தப்பாக வெட்டினார்.

ஜெய்தூன் கத்திரியை வாங்கி வைத்தாள். "வேல ஓடாது உங்களுக்கு. செத்த உக்காருங்க." அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மத்தியானம் சோலையம்மாள் காலிக் கூடையோடு வந்து கடை வாசலில் நின்றாள்.

"கமிஷன் கடைக்காரரு நாளைக்கும் அனுப்பச் சொல்லிட்டாருண்ணே."

"கழிச்சது எம்புட்டு?"

"கால் ராத்தல்தாண்ணே. முன்ன பாதிக் கூடை போகும்."