கொதிக்காத தண்ணீரில் கீழாநெல்லி

எலிகளை நான் குறை சொல்ல மாட்டேன். கொடுத்ததைக் குடித்தன. அறுபதுகளில் பம்பாயில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. ஈரல் கெட்ட எலிகளுக்குக் கீழாநெல்லிச் சாறு கொடுத்துப் பார்ப்போம். சில தேறின, சில தேறவில்லை. நம்பிக்கை இருக்கிறது, நிரூபணம் இல்லை என்பார் பேராசிரியர்.

தாராவியில் எங்கள் வீட்டில் அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. மழைக்காலத்தில் என் கணவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. அவருடைய அக்கா, எனக்கு மதினி, தண்டவாளத்து ஓரம் போய்க் கீழாநெல்லி பறித்து வந்து, பச்சையாக அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தாள். அரைப்பதும் மோரைப் பெருக்குவதும் தெருக்குழாய்த் தண்ணீரில். காமாலையே அந்தத் தண்ணீரில்தான் வருகிறது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"அரைங்க மதினி, வேண்டாங்கல. தண்ணியக் கொதிக்கவச்சு, ஆறவச்சு ஊத்துங்க."

"கொதிச்ச தண்ணி பட்டா மருந்து செத்துப்போவும்லா? எலிக்கு மருந்து குடுக்கவ எனக்குச் சொல்ல வந்துட்டா!"

கணவர் தேறினார். ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் காமாலை இறங்கிவிடும் என்றேன். யார் கேட்டார்கள்? வருமுன் காக்கிறேன் என்று மதினி ஒரு தம்ளர் மோரோடு என் முன்னால் வந்து நின்றாள். எனக்கு அப்போது ஏழு மாதம். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டேன். மருந்தை வீணாக்க மனமில்லாமல், என்னைத் திட்டிக்கொண்டே அவளே மடமடவென்று குடித்துவிட்டாள்.

அடுத்த மாதம் அவள் கண் மஞ்சளானது.

"பாத்தியா, மருந்து குடிச்சதுனாலதான் இம்புட்டோட போச்சு" என்றாள் படுத்தபடியே. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நிறைவயிற்றோடு அம்மியில் நானே அரைத்தேன், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில். தம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள்.

"வென்னி ஊத்தலையே?"

"கொழாத் தண்ணிதான் மதினி."

நிம்மதியாகக் குடித்தாள். தினமும் அதே கேள்வி, அதே பொய்.

பெண் பிறந்தது. மஞ்சள் தெளிந்த கண்ணோடு மதினி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒங்கம்மைக்குக் குடுத்த மருந்த நான் குடிச்சேன்லா, அதான் நீ பொழச்சே" என்று அதனிடம் சொன்னாள்.

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தத் தம்ளர் மோர் நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது சரிதான்.