படிவத்தில் எழுதாத வீடு

மூன்று வாரமாக இருமல். அச்சகத்தில் பிழை திருத்துபவன் நான். காகிதத் தூசி என்றேன். காற்சட்டை இடுப்பில் நிற்காதபோது, ஐம்பது வயதில் அழகாகிறேன் என்று மகிழ்ந்தேன். கதைகளில் காசநோய் மெலிந்த காதலர்களுக்குத்தான் வரும்.

சளியைப் பரிசோதித்ததில் காசநோய்க் கிருமி இருந்தது. ஆறு மாத மாத்திரை. பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போகிறதென்று வீடு வீடாகத் தேடுபவர்) கண்டியில் என் வாடகை அறைக்கு வந்தார். தெல்தெனியப் பக்கத்து முஸ்லிம் இளைஞர். கதிரையில் அமர்ந்து படிவத்தை விரித்தார்.

"வேற ஊடு எங்கயும் போய்த் தங்குறீங்களா, சேர்?"

"இல்ல."

"சொந்தக்காரங்க?"

"தூரம்."

தூரம் என்றால் தெல்தோட்டை, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமைதோறும் பஸ்ஸேறிப் போய், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) தங்கச்சி வீட்டில் படுப்பேன். ஒரே அறை, ஜன்னலைக் குளிருக்குச் சாத்தியிருப்பார்கள். அவளுடைய நான்கு வயது மகள் காவ்யா என்னை ஒட்டித்தான் தூங்குவாள்.

யுத்த காலத்தில் படிவத்தோடு வருபவரிடம் முகவரியை மறைத்துப் பழகிவிட்டோம் என்று எழுதலாம்; கௌரவமாக இருக்கும். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடமாயிற்று. லயத்திலிருந்து டவுனுக்கு வந்த எங்களில் பலர் படிவங்களில் லயத்தை எழுதுவதில்லை. அவர் என்னை "சேர்" என்றார். அதைக் காப்பாற்றப் பொய் சொன்னேன்.

தங்கச்சியிடமும் நோயைச் சொல்லவில்லை. வேலை அதிகமென்று போவதை நிறுத்தினேன். அது போதுமென்று நினைத்தேன்.

இரண்டாம் மாதம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். காவ்யாவுக்கு விடாத காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைத்துவிட்டது. ஓடினேன். மூளையுறை அழற்சி (மூளையை மூடிய சவ்வில் வரும் வீக்கம்) என்றார் யாழ்ப்பாணத்து வைத்தியர்.

"வீட்டில ஆருக்கும் காசநோய் இருக்கோ?"

"இல்லைங்க டொக்டர்," என்றாள் தங்கச்சி.

"எனக்கு இருக்கு," என்றேன். "ரெண்டு மாசமா மருந்து குடிக்கிறேன்."

வைத்தியர் தாதியை அழைத்தபடி உள்ளே விரைந்தார். அன்றே காசநோய் மருந்தைத் தொடங்கினார்கள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா வராதீங்கன்னா சொல்லியிருப்போம், அண்ணே?"



பரிசோதகருக்குப் போன் செய்து தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "இதத்தானே சேர் அண்டைக்குக் கேட்டேன்," என்றார். "சின்னப் புள்ளைங்க இருந்தா அப்பவே தடுப்பு மாத்திரை குடுத்திருப்போம்." மறுநாளே லயம் முழுவதையும் பரிசோதிக்கப் போனார்.

இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு ஒன்று: தங்கிய வீடுகளின் பட்டியல் கேட்டால், சொல்லக் கூசும் வீட்டை முதலில் சொல்லுங்கள்.

என் சளியில் இப்போது கிருமி இல்லை. காவ்யா கண் திறக்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்குமா என்று கேட்டேன். பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். எத்தனை நாள் என்றதற்கு மாதக்கணக்கில் பதில் வந்தது.

முகக்கவசத்தோடு கட்டிலருகே உட்கார்கிறேன். அவள் போர்வை மெல்ல எழுந்து தாழ்கிறது. மறுபடி எழும்வரை நான் மூச்சு விடுவதில்லை. அதற்கு அப்பால் எனக்கு நாளுமில்லை, கிழமையுமில்லை.