சதுக்கத்துச் சிலையை வார்த்தவர்

சதுக்கத்தில் நிற்கும் எழுத்தாளரின் வெண்கலச் சிலையை அண்ணாந்து பார்ப்பவர்கள் யாருக்கும் அதை வார்த்தவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். என் பக்கத்து வீட்டுக்காரர். அந்த எழுத்தாளரின் ஒரு வரியும் படித்ததில்லை. கேட்டால், "படிச்சா மட்டும் வெண்கலம் சீக்கிரம் உருகிடுமா?" என்பார். படிப்பெல்லாம் அவர் தம்பிதான். அண்ணனோடு பட்டறைக்குப் போய்க்கொண்டே அந்தப் புத்தகங்களை ஒன்று விடாமல் படித்தவன், சிலை வார்க்கும் நாளில் மாப்பிள்ளை மாதிரி தலை வாரிக்கொண்டு கிளம்பினான்.

அச்சுக்குள் துளி ஈரம் இருந்தாலும் உருகிய வெண்கலம் வெடித்துச் சீறும். அதனால் ஊற்றுமுன் அச்சின் காற்றுத் துளையில் ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஆவி படிந்தால் உள்ளே ஈரம்; படியாவிட்டால் ஊற்றலாம். பார்ப்பது எப்போதும் அண்ணன். அன்று விழா நெருங்கிவிட்டதென்று முதலாளி காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். கண்ணாடியோ உலையோரம் கிடந்து சூடேறியிருந்தது. சூடான கண்ணாடியில் ஆவி எப்படிப் படியும்? அவருக்குத் தெரியாததா? ஆனாலும் ஆற வைக்காமல் எடுத்தார், பிடித்தார், "ஊத்துடா" என்றார்.

தம்பிக்கு இரண்டு கண்ணும் போயிற்று. சிலையை மறுபடி வார்த்து, மாலை, பேச்சு, கைதட்டல் என்று அமர்க்களமாகத் திறந்தார்கள். அவசரப்படுத்திய முதலாளியை ஊரே திட்டியது. நானும் வாய் வலிக்கத் திட்டினேன். அண்ணன் மட்டும் வாயே திறக்கவில்லை. தம்பியைக் குளிப்பாட்டினார், சாப்பாடு ஊட்டினார், அவன் புத்தகங்களை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அது கேட்கும்.

போன வாரம் சிலையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றான் தம்பி. அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். நானும் கூடப் போனேன். சிலையின் பாதத்தைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, அன்னிக்குக் கண்ணாடி எங்க கெடந்துச்சு?"

"இப்ப எதுக்குடா அது?"

"படுத்தா அதே நெனப்பா இருக்கு. சொல்லுண்ணே."

ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

"உலைகிட்ட" என்றார்.

"ஆற வெக்கலையா?"

"இல்லடா."

அவன் பாதத்திலிருந்து கையை எடுத்தான். பிறகு, வீட்டுக்குப் போகலாமென்று அண்ணன் வழக்கம்போல் அவன் முன்னால் தோளைக் காட்டி நின்றார்.

"அக்கா," என்றான் தம்பி என் பக்கம் திரும்பி, "நீங்க கையக் குடுங்க."