விளக்கம் கேட்க ஓர் ஆள்

சுபிலாகாவுக்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் பெரிதாகக் கிடையாது. இதேபுலா மாவட்ட நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் நூலகராக இருப்பவளைப் பற்றி இப்படிச் சொன்னால் அவதூறு மாதிரி இருக்கும். ஆனால் அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதுதான் இது. செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள், நூலகப் பயிற்சியில் இடம் கிடைத்தது. "அங்க நோயாளி படுத்திருக்கும், இங்க புத்தகம் நிக்கும். ரெண்டுக்கும் நம்பர் போடணும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்று அவள் அப்பா சமாதானம் சொல்லி பஸ் ஏற்றிவிட்டார்.

ருங்வே மலைக்கடியில் மழைக்கு ஓய்வு குறைவு. நூலகத்து உறுப்பினர்களில் பாதிப் பேர் முதலில் ஒதுங்க வந்து பிறகு உறுப்பினரானவர்கள். அலமாரிகளில் இருந்தவை பெரும்பாலும் வெளிநாட்டு அன்பளிப்பு. பனி உறைந்த சாலையில் கார் ஓட்டக் கற்றுத்தரும் புத்தகம் மட்டும் ஒன்பது பிரதி. ஒருவரும் எடுக்காததால் ஒன்பதும் புத்தம் புதிதாக இருந்தன. மேலதிகாரிகள் பார்வையிட வரும்போது அவற்றைத்தான் முன்வரிசையில் வைப்பாள்.

பிள்ளையின் பெயரைச் சேர்த்து 'லுசெகெலோ அம்மா' என்று அவளை அழைத்த ஊர், அவளிடம் வந்தது வேறு காரியங்களுக்கு. கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்ற, பிள்ளைகளின் தேர்வு முடிவு பார்க்க, பிறப்புச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க, மறந்துபோன கடவுச்சொல்லுக்காக அழ. மருமகள் மாமனார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று இன்னும் கடைப்பிடிக்கும் வீடுகள் அங்கே உண்டு. மாமனார் உள்ளே செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மருமகள் வந்தால், சுபிலாகா சத்தமில்லாமல் அவளைப் பின்பக்கத்துச் சன்னலுக்கு அனுப்பி, அங்கே வைத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பாள். இதையெல்லாம் எழுத மாதாந்திர அறிக்கையில் இடம் இல்லை. எத்தனை புத்தகம் வெளியே போயிற்று என்ற ஒன்றைத்தான் அறிக்கை கேட்டது. ஆகவே கூட்டம் ஏற ஏற, நூலகம் நலிந்துவருகிறது என்ற முடிவுக்கு மாவட்ட மன்றம் வந்து சேர்ந்தது.

நலிவுக்கு மருந்தாக ஓர் இயந்திரம் வந்தது. பெயர் 'ம்ஜூஸி', அறிந்தவன் என்று பொருள். ஒரு திரை, ஓர் ஒலிபெருக்கி, சுவாஹிலியில் கேட்டால் சுவாஹிலியில் பதில். மன்றத்தின் கணினி அலுவலர் குவாமகா அதை நூலகத்துத் தெருச்சன்னலில் வெளியே பார்க்கப் பொருத்தினான். கதவு பூட்டியிருந்தாலும் யாரும் வந்து கேட்கலாம். பொருத்தி முடித்துவிட்டு, திருப்புளியைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

"அக்கா, ஆறு மாசம் இது சோதனை. நல்லா பதில் சொல்லிச்சுன்னா நூலகர் பதவிய எடுத்துருவாங்க. உங்களுக்கு வேற எடம் குடுப்பாங்க, பயப்படாதீங்க."

"எங்க?"

"கால்நடைத் துறையில. மாட்டுத்தோல் கிடங்கு இருக்கில்ல, எல்லைக்குப் பக்கத்துல..."

"அந்த நாத்தம் புடிச்ச எடமா? தம்பி, நான் வருஷக்கணக்கா பழைய காகிதத்த மோந்து மூக்கு பழகுன பொம்பள. பச்சத் தோலுக்குப் பழக இன்னொரு ஜென்மம் வேணும்."

"அதுக்கும் நம்பர் போடணும்னு சொல்றாங்க அக்கா. உங்களுக்கு அனுபவம் இருக்குன்னு..."

அவள் முறைத்த முறைப்பில் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தான்.

இயந்திரம் முதல் வாரமே பெரும் புகழ் பெற்றது. அறிவுக்காக அல்ல. அந்த ஊரில் சிறியவர்கள்தான் பெரியவர்களைப் பார்த்து "ஷிகமோ" என்று பணிந்து வணங்க வேண்டும், பெரியவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார். இயந்திரத்துக்கு வயது வித்தியாசம் தெரியாது. முன்னால் வந்து நின்ற எல்லோருக்கும் மரியாதையாக ஷிகமோ சொன்னது. பள்ளிவிட்டதும் பிள்ளைகள் வரிசை கட்டி நின்று, தாத்தாக் குரலை வரவழைத்துக்கொண்டு "மரஹபா, மகனே!" என்று ஆசி வழங்கிவிட்டு ஓடின. கேள்வி எதுவும் கேட்கவில்லை. மன்றத்துக்குப் போன கணக்கில் மட்டும் 'பயனாளர்' எண்ணிக்கை கூரையைத் தொட்டது.

அதன் பெரிய குறை வேறு. ஊர் மணியை விடியலிலிருந்து எண்ணும். விடிந்து இரண்டு மணி நேரம் ஆனால் மணி இரண்டு. அதையே வெள்ளைக்கார மணிக்கணக்கு எட்டு என்று சொல்லும். கடிகாரம் கட்டியிருப்பவர்கூட முள்ளைப் பார்த்துவிட்டு அதற்கு நேர் எதிரே உள்ள எண்ணைத்தான் வாய்விட்டுச் சொல்வார். இயந்திரமோ எங்கோ ஆங்கிலத்தில் நினைத்து, சுவாஹிலியில் பேசியது. காலை எட்டு என்றால் வெறுமனே "மணி எட்டு" என்றது. காலையா மதியமா என்று சேர்த்துச் சொல்லாது, சுருக்கமாகப் பேசும்படி அதைப் பழக்கியிருந்தார்கள். ஊர்க்கணக்கில் எட்டு என்பது மதியச் சாப்பாடு முடிந்து வெயில் சாயும் நேரம்.

முதலில் சிலர் ஏமாந்தார்கள். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதியம் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு ஊர் சமாளித்துக்கொண்டது. "அவன் வெள்ளைக்கார மணிதான் சொல்லுவான். நாமதான் திருப்பிக்கணும்" என்று வாழைத்தார் விற்கும் அதுபேலே எல்லோருக்கும் பாடம் எடுத்தாள். எட்டு என்றால் இரண்டு, மூன்று என்றால் ஒன்பது. இரண்டு வாரத்தில் ஊர் முழுக்க மனக்கணக்கில் தேறிவிட்டது. புகார் எதுவும் மேலே போகவில்லை. இயந்திரம் திருந்தாததால் ஊர் திருந்திக்கொண்டது.

திருந்தாமல் இருந்தது சுபிலாகா மட்டுந்தான். ஒவ்வொரு முறை சன்னலில் "மணி எட்டு" என்று கேட்கும்போதும் அவளுக்குச் செருப்பில் கல் புகுந்த மாதிரி இருந்தது. தவறான பதிலைத் திருத்த அவளுக்கு உரிமை இருந்தது. திரையில் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்திச் சரியானதை எழுத வேண்டும், இயந்திரம் கற்றுக்கொள்ளும்.

"நீ ஏன் தொடற?" என்றான் அவள் கணவன் அம்பகிஸ்யே, இஞ்சித் தேநீரை ஆற்றிக்கொண்டே. "அது தப்பா சொன்னாத்தான் ஒனக்கு வேல நிக்கும். நீ வாத்தியாரா இருந்து அதத் தேத்திவிட்டுட்டு மாட்டுத்தோல் எண்ணப் போகப்போறியா?"

"அது தப்பா சொல்றது என் சன்னல்ல உக்காந்து சொல்லுது. ஊருக்கு என் குரல் மாதிரித்தான் கேக்கும்."

"ஒன் குரலாவது! அது ஷிகமோ சொல்லுது. நீ யாருக்காவது ஷிகமோ சொல்லி நான் பாத்திருக்கேனா?"

கணவன் சொன்னதில் நியாயம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததாலேயே எரிச்சல் கூடியது. ஒரு சனிக்கிழமை நண்பகல், கதவைப் பூட்டுவதற்கு முன், சிவப்புப் பொத்தானை அழுத்தி இயந்திரத்துக்கு ஊர் மணியைக் கற்றுக்கொடுத்தாள். சோதனைக்கு எட்டை இரண்டு என்று சொல்லவைத்துப் பார்த்தாள். மிகப் பணிவாகச் சொன்னது. ஒரு வேலையைச் சரியாகச் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. சரியான பதிலுக்கு முன்னெச்சரிக்கை தேவைப்படும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அந்தத் திங்கட்கிழமை நகரத்திலிருந்து கண் மருத்துவர்கள் வருவதாக இருந்தது. ஒரே நாள் முகாம், புரை எடுக்கப் பெயர் பதிய வேண்டும். நேரம் மட்டும் தெரியாமல் இருந்தது. அது சனிக்கிழமை மாலைதான் இயந்திரத்துக்கு வந்தது: காலை எட்டு. போதகர் ம்வாகபானா குடையைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வந்து கேட்டார். "மணி இரண்டு" என்றது இயந்திரம், சோதனை போக, வாழ்நாளில் முதல் தடவையாக ஊர்க்கணக்கில். போதகர் பழகின வழக்கப்படி அதை வெள்ளைக்கார இரண்டாக எடுத்துக்கொண்டு, மனதில் திருப்பி, ஞாயிறு ஆராதனையில் அறிவித்தார்: "நாளைக்கு மணி எட்டுக்கு வாங்க. வயல் வேலைய முடிச்சுட்டு, சாப்ட்டுட்டு, நிதானமா வாங்க."

திங்கட்கிழமை காலை மருத்துவர்கள் மருத்துவமனை முற்றத்தில் காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மதியம் வரை பார்த்துவிட்டு, இந்த ஊரில் எல்லோருக்கும் கண் நன்றாக இருக்கிறது போல என்று பெட்டியைக் கட்டினார்கள். அவர்கள் வண்டி கிளம்பிய சிறிது நேரத்தில், தாய்தந்தையரைக் கைபிடித்து நடத்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தது. முகாம் காலையோடு முடிந்துவிட்டது என்று மருத்துவமனையில் கிடைத்த பதிலோடு அது நேரே நூலகத்துக்குத் திரும்பியது.

முதலில் திட்டு இயந்திரத்துக்குத்தான் விழுந்தது. தாயை ஒரு கையில் பிடித்திருந்த அதுபேலே, மறு கையைத் திரைக்கு நேராக நீட்டினாள்.

"ஏண்டா பொய் சொன்ன?"

"ஷிகமோ. உங்கள் கருத்துக்கு நன்றி" என்றது இயந்திரம்.

"எங்கம்மாவுக்குக் கண்ணு போயிரும்டா!"

"இந்தப் பதில் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?"

கூட்டத்தில் ஒருவர் கல்லைக் குனிந்து எடுத்தார். அதற்குள் சுபிலாகா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"கல்லக் கீழ போடுங்க. மணிய நான்தான் மாத்தினேன்."

"எதுக்கு மாத்தின?"

"அது தப்பா சொல்லிட்டிருந்துச்சு!"

"தப்புதான், எங்களுக்குத் தெரியாதா? அந்தத் தப்பு எங்களுக்குப் பழகிப்போச்சு" என்று கத்தினாள் அதுபேலே. "தெனம் ஒழுங்கா தப்பு சொல்றவன நம்பலாம் லுசெகெலோ அம்மா. திடீர்னு ஒரு நாள் சரியா சொன்னா எவன் நம்புறது?"

போதகர் குடையை மடக்கினார். "ஆலயத்துல நின்னு பொய் சொல்ல வெச்சுட்டியே என்ன."

"ஐயா, நீங்க திருப்பாம அப்படியே சொல்லியிருந்தா சரியா இருந்திருக்கும்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

சுபிலாகா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் ஓடி, பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மருத்துவர்களின் வண்டியைப் பிடித்தாள். செருப்போடு ஒரு பெண் ஓடிவருவதைக் கண்டு ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அதைத் தட்டித் தட்டி விஷயத்தைச் சொல்லி முடித்தாள். தலைமை மருத்துவர் கடலோர நகரத்துக்காரர், மணி எண்ணும் முறையில் அவரும் இதே கட்சிதான். கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். அன்றிரவு ஊரிலேயே தங்கச் சம்மதித்தார்.

"சரிம்மா. காலைல ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கலாம்."

"ஐயோ, மணி சொல்லாதீங்க ஐயா. பசுவுல பால் கறந்து முடிஞ்சதும்னு சொல்றேன்."

மறுநாள் முகாம் நடந்தது. அதுபேலேயின் அம்மா உட்பட எல்லோர் பெயரும் பதிவாயிற்று. ஆனாலும் நகரத்திலிருந்து புகார் வந்துவிட்டது: ஒரு நாள் வீண். மாவட்ட மன்றம் கூடியது. சுபிலாகாவைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கிடங்கு வேலைக்கு மூக்கை மூடிக் கட்டிக்கொள்ளத் தடித்த துணி வாங்க வேண்டும் என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தவறு நடந்தால் யாரிடமாவது எழுத்தில் விளக்கம் கேட்பதுதான் மன்றத்தின் வழக்கம். தலைவர் ம்வாங்கோமாலே மேசையைத் தட்டினார்.

"யார்கிட்ட விளக்கம் கேக்கிறது?"

குவாமகா எழுந்தான். "தலைவரே, இயந்திரம் அதுக்குச் சொல்லிக்குடுத்ததச் சொல்லிச்சு. ஜனங்க புரிஞ்சுக்கிற விதத்துக்குப் பொறுப்பில்லன்னு நிறுவனம் ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு."

"அப்ப இந்த அம்மாகிட்ட கேளுங்க."

"கேக்கலாம் தலைவரே. ஆனா சோதனை முடிஞ்சதும் இவங்க பதவியே இருக்காது."

"அதுக்கப்புறம் இன்னொரு தப்பு நடந்தா?"

குவாமகா தாள்களைப் புரட்டினான். "சன்னல்கிட்டதான் கேக்கணும்."

இத்தனை வருடத்தில் கூரை ஒழுகியதற்கும் செய்தித்தாள் தொலைந்ததற்கும் சுபிலாகா எழுதிய விளக்கங்கள் தலைவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவள் எழுதியவற்றில் அவள் தவறு என்று எதுவும் இருந்ததில்லை. ஆனால் எல்லாமே உரிய நேரத்தில், உரிய கையெழுத்தோடு வந்தன. ஒரு நிர்வாகத்துக்கு வேறென்ன வேண்டும்?

"நன்றின்னு சொல்ற சாமான வெச்சுக்கிட்டு நான் எப்படி நிர்வாகம் பண்றது?" என்றார் தலைவர். "கேள்வி கேட்டா முழிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். பதவி இருக்கட்டும்."

அப்படியாக, அந்த மாவட்டத்தில் நூலகர் பதவி நிலைத்தது. அறிவின் காவலர் என்றெல்லாம் தீர்மானத்தில் எதுவும் இல்லை. நாள், நேரம், கட்டணம் பற்றி இயந்திரம் தரும் ஒவ்வொரு பதிலையும் நூலகர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று இருந்தது. கூடவே, மணியை மாற்றியதற்காக அவளிடம் எழுத்தில் விளக்கமும் கேட்டிருந்தார்கள்.

அம்பகிஸ்யே உத்தரவை இரண்டு முறை படித்தான். "பாத்தியா? முன்னாடி ஒன் வேலை மட்டுந்தான் செஞ்ச. இனிமே அதோட வேலையையும் சேத்துச் செய்யணும். சம்பளம்?"

"அதப் பத்தி ஒண்ணும் போடல."

"நூலகர்னாலே அப்படித்தான் போல."

மறுநாள் சுபிலாகா மேசையைச் சன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதலில் அதுபேலே வந்தாள். வரி கட்டக் கடைசி நாள் எது என்று இயந்திரத்தைக் கேட்டாள். அது சொன்னது. பிறகு சன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"நெசமா?"

"இரு, பாக்குறேன்."

"நீ எதையும் மாத்தலையே?"

"மாத்தல."

"மாத்தினா முன்னாடியே சொல்லிரு, லுசெகெலோ அம்மா. நாங்க அதுக்குத் தக்கபடி தப்பா புரிஞ்சுக்கணும்."

சுபிலாகா சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கி, தேதியைச் சரிபார்க்கத் தொடங்கினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கேள்வி எதுவும் இல்லாத நாலைந்து பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.