வரைபடத்தில் அம்மாள்

பண்பாட்டுக் கொள்கையும் இராஜதந்திரமும் படிக்கிறேன் என்றால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்காது. "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?" என்று கேட்பார்கள். எனக்கும் தெரியாது. ஒரு வெளிநாட்டுத் தூதரகம் புலமைப்பரிசில் தந்தது, பாய்ந்து பிடித்துக்கொண்டேன். சனி ஞாயிறுகளில் உப்புவெளி வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தால் முதுகலை வகுப்பு. ஆட்டத்தாலும் பாட்டாலும் சாப்பாட்டாலும் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மனதை எப்படிப் பிடிக்கிறது என்று படித்தோம். வகுப்பில் பெரிய வாயாடி நான்தான். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

ஆய்வுக்கு நான் எடுத்தது கரையோர மக்களின் எழுதப்படாத வழிபாடுகள். இலங்கைத்துறையில் கருவாடு போடும் ஓர் அக்காவைப் பழக்கம் பிடித்தேன். ஏழு தரம் பஸ் ஏறிப் போன பிறகுதான் அவர் தங்கள் தெய்வமான அம்மாளைப் பற்றி வாய் திறந்தார்.

கடற்கரைப் பற்றைக்குள் ஓரிடத்தில், மண்ணுக்குக் கீழே, ஒரு கல். வருஷத்துக்கொரு தரம் மூன்று குடும்பத்துப் பெண்கள் போய் அதைத் தோண்டியெடுத்துக் கழுவி, ஓலைப் பந்தலுக்குள் வைத்து, பொங்கி, படையலாக மடை பரப்புவார்கள். மறுநாள் பந்தலைப் பிரித்து, கல்லைப் புதைத்து, தங்கள் கால்தடத்தையும் கூட்டி அழித்துவிட்டுத் திரும்புவார்கள். இடம் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"சின்னதா ஒரு கோயில் கட்டினால் என்ன அக்கா?"

"கட்டினா ஆரும் வந்து ஆரின்ர காணி எண்டு கேப்பினம், தங்கச்சி. பிறகு வேலி வரும். இடம்பெயர்ந்து ஓடித் திரிஞ்ச காலத்தில எல்லாம் போயிட்டுது. இது தப்பினது ஒருத்தருக்கும் தெரியாததாலதான்."

அந்த வருஷ மடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "எல்லாத்தையும் எழுதுங்கோ. இடத்தை மட்டும் எழுதிப்போடாதீங்கோ" என்றார். ஓம் என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

என் மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. இடம் குறிக்காத தரவு வெறும் கதை, வரைபடம் இல்லாமல் ஆய்வு நிற்காது என்றார். இரண்டு நாள் முறுகினேன். பிறகு, ஆங்கிலத்தில் எழுதிய பின்னிணைப்பை ஆர் வாசிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு புள்ளியைப் போட்டேன். மடை நாளில் எடுத்த படத்தில் தொலைபேசி தானாகப் பதிந்திருந்த அட்ச, தீர்க்க ரேகை இலக்கங்களை அப்படியே கொடுத்தேன். ஓர் அடி பிசகாத புள்ளி.

வரைபடம் தூதரகத்துக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அவர்களுடைய கப்பலொன்று நல்லெண்ணப் பயணமாகத் துறைமுகத்துக்கு வந்தபோது, மேல்தட்டு விருந்தில் அதைப் பெரிய திரையில் போட்டார்கள். ஒரு பக்கம் பரதம், ஒரு பக்கம் பலகாரம். நான் பட்டுச்சேலையில் நின்றேன். பாடப் புத்தகத்தில் படித்ததெல்லாம் என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. பெருமையில் தலை கால் தெரியவில்லை.

எங்கள் நாட்டு அதிகாரி ஒருவர், ஏதோ தொல்பொருள் திணைக்களம் என்றார், திரைக்குக் கிட்டப் போனார். மிக மரியாதையான மனிதர். என் புள்ளியில் விரலை வைத்தார். "எங்கள் பதிவில் இந்தத் துண்டு வெறும் பற்றைக்காடு," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இங்கே பழைய கல் ஏதும் இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன். எவ்வளவு ஆழத்தில் என்றுகூடச் சொன்னேன். அவர் சிரித்து, நன்றி சொல்லி, திரையைப் படம் எடுத்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. கையிலிருந்த வடையைத் தின்ன முடியவில்லை.

அடுத்த நாளே புள்ளியை எடுத்துவிடச் சொல்லித் தூதரகத்துக்கு எழுதினேன். வரைபடம் எல்லோருக்கும் பகிரப்பட்டுவிட்டது, உங்கள் பங்களிப்புக்கு வாழ்த்துகள் என்று பதில் வந்தது. மேற்பார்வையாளர் என் ஆய்வுக்கு அதிவிசேட சித்தி, அதாவது முதல்தரத் தேர்ச்சி, தந்தார். இலங்கைத்துறைக்குப் போவதை நான் நிறுத்திவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, பற்றைக்குள்ள கம்பி வேலிக்குக் கட்டை நட்டிருக்கினம். கல்லைத் தோண்டிக்கொண்டு போயிட்டினம். பக்கத்தில ஒரு இடமும் கிண்டேல்ல, நேரே அந்த இடத்திலதான் கிண்டியிருக்கினம். நீங்கள் படிச்ச ஆள். உவைக்கு எப்பிடித் தெரிஞ்சுது எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லேலுமே?"

நான்தான் என்று சொல்ல இரண்டு சொல் போதும். "விசாரிச்சுப் பாக்கிறன் அக்கா" என்றேன்.

"தேவையில்லை, விடுங்கோ," என்றார், குரல் தாழ்ந்து. "எங்களுக்குத் தெரியும். என்ர மச்சாள்தான் வாய் விட்டிருக்கிறா. நீங்கள் இடத்தை எழுத மாட்டன் எண்டு சொன்னனீங்கள், அப்ப மூண்டு குடும்பத்தில ஒராள்தானே சொல்லியிருக்க வேணும். நாங்கள் இப்ப அவவோட கதைக்கிறேல்ல. அவவின்ர மகளின்ர கலியாணத்துக்கும் போகேல்ல."

அந்த மச்சாள்தான் மடை நாளன்று எனக்கு முதல் பிடி பொங்கலைக் கையில் வைத்தவர்.

"அவ அப்பிடிச் செய்யக்கூடிய ஆள்தான், என்ன தங்கச்சி?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா" என்றேன்.