படுப்பதே இல்லை என்று சொன்னேன்

என் கையெழுத்து கோட்டில் நிற்காது; பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள். எனக்கு வந்த நோய் வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தேன். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போயிற்று. வெட்கப்பட்டு நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டார்கள். ஒரு வருடம் நன்றாக இருந்தேன். பிறகு பி.எஸ்.ஏ. (நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறியது. இன்னும் எத்தனை காலம் இருப்பேன் என்று கேட்டுவிடத் துணிந்து அன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வராந்தாவில் பக்கத்தில் இருந்தவர் பொன்முடி மலையடியில் இருக்கும் விதுரா ஊர்க்காரர். அவருக்கும் இதே நோய்தான்.

"டாக்டர் ரத்தம் மட்டும் பாக்கமாட்டாங்க. பகல்ல எத்தனை நேரம் கிடப்புன்னு கேப்பாங்க. கிடக்கேன்னு சொல்லிடாதீங்க, கேட்டோ. எவ்வளவு நடமாடுறோம்னு பார்த்து மார்க்கு போடுவாங்க, அது குறைஞ்சா மருந்தை நிறுத்திடுவாங்க. நான் மலை ஏறுவேன்னு சொல்லியிருக்கேன். பொன்முடிக்கு பஸ்ல போனாலே எனக்கு மூச்சு வாங்கும்!"

டாக்டர் மலையாளப் பெண், என் மகள் வயது. அதையேதான் கேட்டார்.

"சேட்டா, பகல்ல எத்தனை நேரம் கிடப்பு?"

"படுக்கிறதே இல்லம்மா."

"காலுக்கு பலம் குறைவு உண்டோ?"

"இல்லம்மா."

கதவோரம் நின்ற என் மனைவி உள்ளே வந்துவிட்டாள். "பொய் சொல்லுதாவ டாக்டரம்மா. பாதி நாளு படுக்கைதான். கக்கூசுக்குப் போவ செவுத்தப் புடிச்சி நடக்காவ. நேத்து ஒத்தச் செருப்பு கழண்டதே தெரியாம வந்து நிக்காவ."

எனக்குக் கூசிப்போயிற்று. டாக்டர் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து என் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். வலது பாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்றே எம்.ஆர்.ஐ. (காந்த ஸ்கேன்) எடுத்தார்கள். தண்டுவடத்தை நோய் நெருக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையிலேயே கதிர்வீச்சு தொடங்கியது.

அது முடிந்த பிறகுதான் என் கேள்வியைக் கேட்டேன்.

"எத்தனை வருஷம்னு ஆராலும் சொல்ல முடியாது சேட்டா. ரத்தம், ஸ்கேன், நீங்க சொல்றது, மூணும் சேர்த்துதான் நான் ஊகிக்கிறேன். நீங்க பொய் சொன்னா என் ஊகமும் பொய்யாகும். ஒண்ணு மட்டும் உறுதியா சொல்லலாம். அன்னிக்குச் சேச்சி வாய் திறக்கலைன்னா, இன்னிக்கு நீங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவள் மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். இன்றுவரை அவளிடம் நன்றி என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னதற்காக என் மருந்தை யாரும் நிறுத்தவில்லை. ஊசியோடு வேறு மாத்திரையும் சேர்த்தார்கள். இப்போது ஓட்டலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறேன். மதியம் இரண்டு மணி நேரம் படுக்கிறேன். டாக்டர் கேட்டால் அதை அப்படியே சொல்கிறேன்.

முன்பெல்லாம் இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குப் போடுவேன். இப்போது காலையில் கட்டிலிலிருந்து இறங்கி, தரையின் குளிர்ச்சி இரண்டு பாதத்திலும் ஏறும்வரை நிற்கிறேன். வலது காலில் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும். ஏறிவிட்டால் அந்த நாள் எனக்குக் கிடைத்துவிட்டது.

இன்றும் ஏறியது. ஆவணி முதல் தேதி, இங்குள்ள மலையாளிகளுக்குப் புது வருடம்.