தாய்மாமன் மடிக்குப் போகும் வழியில்

தங்கை மகளுக்கு நன்னிலத்துக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள் என்பதால் நான் பட்டு வேட்டி, பட்டுத் துண்டு சகிதம் காரோட்டினேன். கும்பகோணம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து முதலில் நாற்றம் வந்தது, அப்புறம் தங்கையின் அலறல்.

"அண்ணே, டயப்பர் வழிஞ்சு முதுகு வரைக்கும் வந்துடுச்சு. நிறுத்துங்க!"

எங்கே நிறுத்துவது? பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ராகுகாலம் வேறு நெருங்கியது. ஒரு மதகருகே ஒதுங்கி டிக்கியைத் திறந்தபோதுதான், டயப்பர் பையையும் சீர்த்தட்டுகளோடு முன்னால் போன வேனில் ஏற்றிவிட்டது உறைத்தது. ஏற்றியவன் நான்தான்.

குடிநீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவினோம். குழந்தை கையில் நிற்காமல் வழுக்கியது.

"கட்ட ஏதாவது துணி?" என்றவள் என் வேட்டியைப் பார்த்தாள்.

"இது கூடாதும்மா" என்று துண்டை உருவிக் கொடுத்தேன்.

ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கோயிலில் ஓடி உட்கார்ந்தோம்.

"பட்டிலயே கோவணம்! என்ன பாசம்!" என்றார் தங்கையின் மாமனார்.

ஆசாரி ஊசியை எடுத்தார். "மாமா அசையக் கூடாதுங்க."

மடியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. நான் அசையவில்லை.